வள்ளிக்கிழங்கு என்று நான் வரைந்தது

ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தாள். அவள் தின்றது என்னவென்று டாக்டர்களுக்குத் தெரியாது. பெற்ற தாய்க்கும் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஒரு பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு பகலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அன்புச் சகோதரிகளே, படைத்தவனின் சாந்தி உங்கள் எல்லோருடைய வீடுகளிலும் இறங்கட்டும். துஆ கபூலான, வேண்டியது கிடைத்த கதையை நீயும் எழுதிக் கொடு என்று நம் பெண்கள் கூட்டத்தில் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். மற்றவர்களெல்லாம் தங்களுக்கு வந்த கஷ்டத்தைச் சொன்னார்கள். நான் சொல்ல வேண்டியது இன்னொருத்திக்கு நான் கொடுத்த கஷ்டம். அதைச் சொல்லாமல் அல்லாஹ் செய்த உதவியை மட்டும் சொன்னால் அது பாதிப் பொய். பொய்யோடு நான் பட்டது போதும்.

என் பெயர் ஷமீமா. வீட்டுக்காரர் ஜமால் கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் பூட்டு, கீல், ஆணி விற்கிற கடை வைத்திருக்கிறார். நான் படம் வரைகிறவள். எந்த ஆபீசிலும் சம்பளத்துக்கு இல்லை. யார் கேட்டாலும் வீட்டிலிருந்தபடியே வரைந்து அனுப்புவேன். முதலில் கல்யாணப் பத்திரிகைக்குப் பூக்கரை போட்டுக் கொடுத்தேன். பிறகு தையல் கடை போர்டு, மருதாணி டிசைன். பள்ளிப் புத்தகம் போடுகிறவர்கள் சிலர் என் படங்களைப் போனில் பார்த்துவிட்டுக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. மனிதர், மிருகம், பறவை வரைய மாட்டேன். சின்ன வயதிலேயே அம்மா, "உயிருள்ள உருவம் வேணாம்மா, மறுமையில அதுக்கு உயிர் குடுன்னு கேட்டா எங்க போவ?" என்று சொல்லி வளர்த்தார்கள். அது என் மனதில் ஊன்றிவிட்டது. வேறு விதமாக நினைப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் முகம் வரையாத ஓவியருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? கதைப் புத்தகம் வந்தது, விட்டேன். நீதிக்கதை வந்தது, அதில் நரியும் காக்காயும் இருந்தன, விட்டேன். "இன்னா ஷமீமா, நரி வேணாம் காக்கா வேணாம்னா நீ வடைய மட்டுந்தான் வரையணும்" என்று ஜமால் கிண்டல் செய்வார். கடைசியில் எனக்கு மிஞ்சியது செடி கொடிதான். இலை, பூ, காய், கிழங்கு. அதில் எனக்குக் கை நன்றாகப் படிந்தது. சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் பிரேமா மேடம் என்று ஒரு எடிட்டர். செடி என்றாலே அவருக்கு என் ஞாபகம்தான் வரும். நான் பெருமைப்பட்டேன். செடி வரைந்தால் பாவமும் இல்லை, வம்பும் இல்லை, யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்று நம்பினேன். எவ்வளவு தைரியமான நம்பிக்கை பாருங்கள்.

ஒரு நோன்பு மாதத்தில் பிரேமா மேடம் ஒரு வேலை கொடுத்தார். கல்வராயன் மலைப் பள்ளிகளில் சுவரில் மாட்டுவதற்கு ஒரு பெரிய சார்ட். மலையில் விளைகிற, தின்னக்கூடிய பன்னிரண்டு பொருள்கள். சாமை, தினை, பலா, ஒரு கீரை, வள்ளிக்கிழங்கு இப்படி. ஒவ்வொன்றுக்குக் கீழேயும் எப்படிச் சாப்பிடலாம் என்று ஒரு வரி. போட்டோக்களும் அனுப்பியிருந்தார். அத்தோடு, "போட்டோவை மட்டும் நம்பாதீங்க ஷமீமா. வெள்ளிமலைக்கு ஒருதரம் போய் நேர்ல பாத்துட்டு வரைங்க. அங்க யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க" என்று சொன்னார்.

நான் போகவில்லை.

காரணம் கேட்டால் ஆயிரம் சொல்லுவேன். நோன்பு. மலை ஏறுகிற பஸ்ஸில் ஏறினாலே எனக்குக் குடலைப் புரட்டும். அதே மாதத்தில் இன்னும் இரண்டு பேர் வேலையை ஒத்துக்கொண்டிருந்தேன். தனியாகத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. ஒருதடவை முடியாது என்று சொல்லிவிட்டால் அடுத்த தடவை கூப்பிடமாட்டார்கள் என்கிற பயம். அதனால் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றேன். இவ்வளவும் உண்மைதான். ஆனாலும் இவையெல்லாம் சாக்கு. எனக்குச் சோம்பல். நம் கைத்திறமைக்கு இந்தப் போட்டோவே போதும் என்ற திமிரும் கூட இருந்தது.

கிழங்கு என்று அனுப்பிய போட்டோக்களில் இரண்டு விதம் கலந்து கிடந்தன. ஒன்று கோணல்மாணலாக, உடம்பெல்லாம் மயிர் மயிராக வேரோடு, மண்ணப்பி அசிங்கமாக இருந்தது. இன்னொன்று வழுவழுவென்று, வெளிர் மஞ்சளாக, கலப்பை மாதிரி இரண்டாகப் பிரிந்து வளைந்திருந்தது. படத்துக்கு அதுதான் எடுப்பாக இருந்தது. அதையே வரைந்தேன். சகோதரிகளே, வேறு ஒரு காரணமும் இல்லை. அழகாக இருந்தது, அதனால் வரைந்தேன். நிழல் போட்டு, ஓரத்தில் ஈரம் மின்னுகிற மாதிரி வெள்ளைக் கோடு இழுத்து, பன்னிரண்டிலும் அதற்குத்தான் நிறைய உழைத்தேன். எழுத்து வைக்கிறவர்கள் கீழே "வள்ளிக்கிழங்கு. சுட்டும் அவித்தும் சாப்பிடலாம்" என்று போட்டார்கள். படங்களை அனுப்பும்போது, "நேரில் பார்த்து வரைந்தேன் மேடம்" என்று எழுதினேன். நோன்பு வைத்த வாயோடு.

சார்ட் நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டு வந்தது. பள்ளிக்கூடங்களில் மாட்டினார்கள். மாதங்கள் போயின. நான் மறந்தேபோனேன்.

பொங்கல் கழிந்த இரண்டாம் வாரம். செவ்வாய்க்கிழமை காலையில் பிரேமா மேடம் போன் செய்தார். குரல் சரியில்லை.

"ஷமீமா, வெள்ளிமலைப் பக்கத்துலருந்து ஒரு டீச்சர் பேசினாங்க. அங்க ரோடு வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை ஒண்ணு ஏதோ கிழங்கைச் சுட்டுத் தின்னுட்டு ரொம்ப முடியாம இருக்காம். உங்க ஊரு ஆஸ்பத்திரியிலதான் சேர்த்திருக்காங்களாம். நம்ம சார்ட்டப் பாத்துட்டுத்தான் எடுத்தாளோன்னு டீச்சருக்கு ஒரு சந்தேகம். நீங்க நேர்ல பாத்துத்தானே வரைஞ்சீங்க?"

"ஆமா மேடம்" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொன்னது. "அப்ப சரி, அது வேற ஏதாவதா இருக்கும்" என்று அவர் நிம்மதியாகப் போனை வைத்தார்.

அந்தப் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு என் மாமாவின் கடைக்குப் போனேன். காதர் மாமா, அம்மாவின் தம்பி, நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார். என் வீட்டிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. சுக்கு நிறுத்துக்கொண்டிருந்தவர் போனை ஒரு பார்வைதான் பார்த்தார்.

"கண்வலிக்கிழங்கு. கலப்பக் கெழங்குன்னும் சொல்லுவாங்க. நல்லாத்தான் வரஞ்சிக்கிற. இது இன்னாத்துக்கும்மா?"

"இது வள்ளிக்கிழங்கு இல்லியா மாமா?"

"யாரு சொன்னா ஒனக்கு? வள்ளி தின்ற கெழங்கு. இது வெஷம். சாவறதுக்கு அரச்சிக் குடிப்பாங்க. எதுலனா போட்டுட்டியா இன்னா?"

"இல்ல மாமா. சும்மாதான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது அன்றைக்கு இரண்டாவது பொய்.

ஐந்து நிமிட நடை. வெள்ளிமலைக்குப் போக முடியாவிட்டால் போகிறது, மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. தெரியாது என்று ஒத்துக்கொள்ளக் கூச்சம். எனக்கு என்ன பட்டம், எனக்கு என்ன படிப்பு, ஆனாலும் கூச்சம்.

வீட்டுக்கு வந்து மத்தியான லுஹர் தொழுதேன். துஆவுக்குக் கையேந்தினேன். என்ன கேட்டேன் தெரியுமா? "யா அல்லாஹ், அந்தப் பிள்ளை என் படத்தைப் பார்த்திருக்கக் கூடாது. அது வேறு ஏதாவது தின்றிருக்கட்டும்." இதைத்தான் கேட்டேன். மாலை அஸர் வரை முஸல்லாவை மடிக்காமல் இதையே கேட்டேன். அழுதேன்தான். ஆனால் அந்தக் கண்ணீரெல்லாம் எனக்காக. ஒரு தடவைகூட "அவளைப் பிழைக்க வை" என்று கேட்கவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதைதான். பூனை தொழுகை விரிப்பில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சாயந்தரம் ஜமால் வந்ததும் சொன்னேன். அவர் பயந்துபோனார். "வாயத் தொறக்காத. போலீஸ் கேஸ் ஆயிடும். போட்டோ குடுத்தது அந்தம்மாதான? கேட்டா அவங்க தப்புன்னு சொல்லிடு" என்றார். கெட்ட மனிதர் இல்லை. எறும்பை மிதித்தால்கூட வருத்தப்படுகிறவர். பயம் அவரை அப்படிப் பேச வைத்தது. எனக்கு அந்தப் பேச்சு இனித்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

புதன்கிழமை விடியற்காலை பஜ்ர் தொழுகையில் சஜ்தாவுக்குப் போனேன். நெற்றி தரையில் பட்டது. துஆவுக்கு வார்த்தை வரவில்லை. வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்கலாம் என்று பார்த்தால் நாக்கு எழவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைப் படைத்தவனிடமே நான் பொய் சாட்சி கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவனுக்குத் தெரியாதா நான் எதைப் பார்த்து வரைந்தேன் என்று? சத்தம் போட்டு அழுதேன். "யா ரப்பே, அது நான்தான். அது என் படம்தான். அவள் உயிரைக் கொடு" என்று சொன்னேன். அதைச் சொன்ன பிறகுதான் மூச்சே வந்தது.

ஜமாலிடம் சொல்லவில்லை. சார்ட்டின் ஒரு பிரதி வீட்டில் இருந்தது. சுருட்டி எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பிள்ளையின் பெயர் கௌசல்யா. அம்மா செல்வி. களமருதூர்க்காரர்கள், நிலம் நீச்சு இல்லாத கூலி வேலைக் குடும்பம். செல்வி மலையில் ரோடு அகலப்படுத்துகிற வேலைக்கு மண் சுமக்க வந்தவள். புருஷன் கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது பார்த்தது ஒரு கட்டில், அதில் ஒரு துணிமூட்டை அளவுக்குச் சுருண்ட பிள்ளை, தலைமாட்டில் சிமெண்டுக் கறை போகாத புடவையில் ஒரு பெண். பிள்ளை முழித்திருந்தாள். வாந்தி நின்றிருந்தது. செல்வி என்னை வேறு யாரையோ பார்க்க வந்தவள் என்று நினைத்து, "பரவால்லக்கா, இப்போ தேவல. நாளைக்கி வூட்டுக்குப் போலாம்னு சொல்லிக்கிறாங்க" என்றாள்.

எனக்கு எவ்வளவு நிம்மதி! அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. உண்மையாகத் தோன்றியது. பிள்ளைதான் பிழைத்துவிட்டாளே, இனி எதற்குச் சொல்ல வேண்டும்? என் கால் வாசல் பக்கம் திரும்பிவிட்டது. திரும்பிய காலை யார் பிடித்தார்கள் என்று எனக்குத் தெரியும். நான் என் பலத்தால் நிற்கவில்லை.

டாக்டரம்மா வார்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அவர் முன்னால் போய்ச் சார்ட்டை விரித்தேன். "இந்தப் படம் நான் வரைஞ்சது. வள்ளிக்கிழங்குன்னு போட்டிருக்கு. ஆனா இது கண்வலிக்கிழங்கு. இதைப் பாத்துட்டுத்தான் இந்தப் பிள்ளை சாப்ட்டிருக்கான்னு நினைக்கிறேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. கௌசல்யாவிடம் படத்தைக் காட்டி, "இதுவா பாப்பா?" என்று கேட்டார். பிள்ளை தலையாட்டினாள்.

டாக்டரம்மா என்னை ஓரமாக அழைத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இந்த வெஷம் வயித்தோட நிக்காது. ரெண்டு நாள்ல தேறிட்ட மாதிரி தெரியும். அப்புறந்தான் ரத்தத்துல கைவைக்கும். வள்ளிக்கிழங்குன்னு அம்மாவே சொன்னதால கெட்டுப்போனதத் தின்னுட்டான்னு நெனச்சோம். நாளைக்கு அனுப்பியிருந்தா மலையில வெச்சே முடிஞ்சிருக்கும்."

அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. தின்றது வள்ளி என்றுதான் அம்மா சொன்னாள். வள்ளி என்று பிள்ளைதான் அம்மாவிடம் சொன்னாள். வள்ளி என்று பிள்ளையிடம் சொன்னவள் நான்.

பிறகு செல்வியிடம் போனேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மலைக்குப் போகாததை, போனதாக எழுதியதை, நேற்று முழுக்க வீட்டில் கிடந்ததை.

"நீயா? நீயா வரஞ்ச?" என்று கேட்டாள். பிறகு மெதுவாக, எனக்கு விளக்குகிற மாதிரி சொன்னாள். "ரோட்டுக்கு மண்ண அறுத்தாங்கல்ல, அதுல உருண்டு கெடந்துக்கீது. கொடி இல்ல, எல இல்ல. வெறுங்கெழங்கு. ஸ்கூல்ல படத்துல கீதுன்னு எட்த்தாந்து சுட்டுக்கீது. நான் வேலைல இருந்தன். கசந்துச்சாம் அதுக்கு. கசந்துச்சே, துப்ப வேண்டிதான கண்ணுன்னு கேட்டன். படத்துல போட்டுக்கீதேம்மா, நல்லதுதான்னு முழுங்கிட்டன்னுச்சி."

கசந்ததாம். கசந்தும் விழுங்கினாளாம், என் படத்தை நம்பி. சகோதரிகளே, யாரும் என்னை அந்த அளவுக்கு நம்பியதில்லை. இனி யாரும் நம்பவும் வேண்டாம்.

செல்வி என்னை அடித்தாள். தோளிலும் முதுகிலும் கை ஓயும் வரை அடித்தாள். நர்ஸ் வந்து விலக்கினார். நான் எழுந்து போகவில்லை. போக எனக்கு இடமும் இல்லை. வாசலில் நின்று பிரேமா மேடத்துக்குப் போன் செய்து, நேற்றும் பொய் சொன்னேன், நோன்பிலும் பொய் சொன்னேன் என்றேன். "சார்ட்டையெல்லாம் இறக்கச் சொல்றேன். நீங்க இனிமே எனக்கு வரைய வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். நியாயம்தான்.

டாக்டரம்மா சொன்னபடியே நடந்தது. வியாழக்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியது. வாயெல்லாம் புண். ரத்தத்தில் வெள்ளை அணு இறங்கிக்கொண்டே போனது. வெள்ளிக்கிழமை காலையில் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, நிற்கவில்லை. தனி அறைக்கு மாற்றினார்கள். ரத்தமும், அதிலிருந்து பிரிக்கிற அணுக்களும் உடனே வேண்டும் என்றார்கள். யாரைக் கேட்பது? செல்விக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. ஜமாலுக்கு மட்டும் போனில் தகவல் சொன்னேன்.

அன்றைக்கு ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் ஜமால் நின்றார். கூடவே தொப்பியைக்கூடக் கழற்றாமல் கடைவீதி ஆட்கள் ஏழெட்டுப் பேர். காதர் மாமாவும் இருந்தார். வாயைத் திறக்காதே என்று சொன்ன அதே மனிதர், பள்ளிவாசலில் எழுந்து நின்று, "எம்பொண்டாட்டி பண்ண தப்புக்கு ஒரு கொழந்த சாவக் கெடக்குது, ரத்தம் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். என் துஆவுக்கு வந்த முதல் பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் அஸர் தொழ இடமில்லாமல் வண்டி நிறுத்துகிற கொட்டகையில் துப்பட்டாவை விரித்தேன். எண்ணெய்க் கறைத் தரை. அங்கே அல்லாஹ்விடம் பேரம் பேசினேன். என் கையை எடுத்துக்கொள், பார்வையை எடுத்துக்கொள், அவளை விட்டுவிடு என்று. கடைவீதிக்காரி புத்தி எங்கே போகும்? பேசிக்கொண்டிருக்கும்போதே வெட்கமாகிவிட்டது. அவனுக்கு எதற்கு என் கை? அவன் கொடுத்ததுதானே. பேரத்தை விட்டேன். "உன்னிடம் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. பிள்ளையைக் கொடு" என்று மட்டும் கேட்டேன். சனி, ஞாயிறு முழுக்க வேறு எதுவும் கேட்கவில்லை.

செல்வி என்னோடு பேசவில்லை. ஆனால் விரட்டவும் இல்லை. வேலை மட்டும் சொல்லுவாள். "வெந்நி புட்ச்சாந்து வையி." "இந்தத் துணிய அலசிக் குடு." ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தொழுதுவிட்டு வருவதைப் பார்த்து, "நீ ஒஞ்சாமிகிட்ட கேளு. நான் எங்க மாரியாத்தாகிட்ட கேட்டுக்கினுதான் கீறன். யாரு காதுல வுழுதோ வுழட்டும்" என்றாள். அவளோடு வாதம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவளும் என் ரப்பின் படைப்புதான் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அன்று சாயந்தரம் பிள்ளை யாரையும் அடையாளம் தெரியாமல் பிதற்றினாள். டாக்டரம்மா, "சொல்ல முடியாதும்மா, மனசத் தேத்திக்குங்க" என்று செல்வியின் கையைப் பிடித்துச் சொன்னார். செல்வி சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். எனக்கு உள்ளே எல்லாம் அவிந்துபோனது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என்னைச் சுட்டிருந்தால் தாங்கியிருப்பேன். யார் பெற்ற பிள்ளையையோ அல்லவா சுட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர மத்தியானம் ஆயிற்று. நான் அந்தக் கொட்டகையில் லுஹர் முடித்து ஸலாம் கொடுக்கிறேன், செல்வி எதிரே வந்து நிற்கிறாள். முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"ஏறுதாம்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அந்த அணு. ஏற ஆரம்பிச்சிட்ச்சாம். பொயச்சிக்கும்னு சொல்லிட்டாங்க." சொல்லிவிட்டு அந்த எண்ணெய்க் கறைத் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நான் மறுபடியும் சஜ்தாவில் விழுந்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்பதைத் தவிர ஒரு சொல்லும் வரவில்லை. அதைக்கூட முழுதாகச் சொல்ல முடியவில்லை.

கதை அத்தோடு இனிப்பாக முடியவில்லை. இரண்டாம் வாரத்தில் கௌசல்யாவின் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. தலையணையிலிருந்து முடியைப் பொறுக்கி, அவள் பார்க்காதபடி செல்வி முந்தானையில் முடிந்துகொண்டதை நான் பார்த்தேன். வளரும் என்று டாக்டரம்மா சொன்னார். சொன்னாலும், மொட்டைத்தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையின் முகம் எனக்குப் போகாது. முகம் வரையாத என் கைக்கு அந்த ஒரு முகம் மட்டும் கோடு கோடாகத் தெரியும்.

அவர்கள் ஊருக்குப் போனதும் நான் மலைக்குப் போனேன். சார்ட்டை இறக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் என் கண்ணால் பார்க்காமல் இனி எதையும் நம்பக் கூடாது என்று ஆகிவிட்டது. பஸ்ஸில் நாலு தடவை வாந்தி எடுத்தேன். பள்ளி பள்ளியாக ஏறி இறங்கி, மிச்சமிருந்த இரண்டு சார்ட்டுகளைக் கிழித்து எடுத்தேன். ஒரு பள்ளியில் சமைக்கிற அம்மா, "எங்க பசங்க அதப் பாத்து அன்னிக்கே சிரிச்சாங்க. வள்ளின்னு எழுதி வெஷத்தப் போட்டிருக்காங்கன்னு" என்று சொன்னார். மலைப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. கீழேயிருந்து பிழைக்க வந்த பிள்ளைக்குத்தான் தெரியவில்லை. அந்த அம்மாவே கடப்பாரை எடுத்து வந்து வள்ளியைத் தோண்டிக் காட்டினார். மயிரும் மண்ணுமாக, கோணலாக, நான் அசிங்கம் என்று ஒதுக்கிய அதே கிழங்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குமேல் எனக்கு வேலை இல்லை. விஷயம் தொழிலில் பரவிவிட்டது. நானே மறைக்கவில்லை. "யானைக்கும் அடி சறுக்கும், விடு" என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். நான் யானையும் இல்லை, எனக்குச் சறுக்கவும் இல்லை. நடக்காமலே நடந்ததாகச் சொன்னேன். மறுபடி கல்யாணப் பத்திரிகைக்குப் பூ வரைந்தேன். மெதுவாக, ஒரு கல்லூரியில் செடிகளைப் படிக்கிற ஆசிரியை ஒருவர் கூப்பிட்டார். நடந்ததை முதலிலேயே சொன்னேன். "அப்போ நீங்கதான் எனக்கு வேணும்" என்றார். இன்றைக்கு அப்படி வருகிற நாலைந்து பேருக்குத்தான் வரைகிறேன். என் கையால் பறிக்காத இலையை, தோண்டாத கிழங்கை வரைவதில்லை. ஒரு செடிக்கு ஒரு மாதம்கூட ஆகிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். நாற்பது வயதை நெருங்கும்போது கற்றுக்கொள்கிற பாடமா அது!

சகோதரிகளே, உங்களில் யாராவது ஒரு பொய்யைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துஆ கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்கள் ரப்பின் வாசல் அடைபடவில்லை. என்னையே உள்ளே விட்டவன் உங்களையும் விடுவான். ஒளு செய்யுங்கள், தொழுங்கள், அழுது கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து போய், யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் அடுத்த வேளைத் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் சொல்லிவிடுங்கள். நான் ஒரு நாள் தாமதித்தேன். இன்னொரு நாள் தாமதித்திருந்தால் இதை எழுத எனக்குக் கை இருந்திருக்காது.

கௌசல்யா இப்போது களமருதூரில் ஆறாவது படிக்கிறாள். போன மாதம் பஸ் நிறுத்தத்தில் தற்செயலாகப் பார்த்தேன். செல்வியும் இருந்தாள். என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு பிள்ளையைக் கைபிடித்து பஸ்ஸில் ஏற்றினாள். அவள் என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று நான் துஆ கேட்டதும் இல்லை. பிள்ளையைக் கொடு என்றுதான் கேட்டேன். கௌசல்யா ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டே போனாள்.